பந்திக்கு முந்த வேண்டிய ஊர்!

ஆல்ப்ஸ் மலைக் கிராமத்தில் இரவுச் சாப்பாடு எங்கே? எப்போது? எவ்வளவு?

தெரு உண்டு, கார் கிடையாது. கடை உண்டு, இரைச்சல் கிடையாது. வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால் பனி மூடிய சிகரம் தெரியும். ஆனால் இரவு 9 மணி அடித்துவிட்டால் சுடச்சுடச் சாப்பாடு கிடைப்பது அரிது!

சுவிட்சர்லாந்து நாட்டின் ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது இந்த ஊர். இதன் பெயர் வெங்கன். கடல் மட்டத்துக்கு மேல் 1,274 மீட்டர் உயரம். எதிர்ப்புற மலையில் இன்னோர் ஊர் உண்டு. அதன் பெயர் மியூரன். அது இன்னும் உயரம். சுமார் 1,640 மீட்டர். இரண்டு ஊர்களுக்கும் நடுவே, கீழே ஆழத்தில், லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கு. அங்கே ஸ்டாபாக் என்ற அருவி ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்தில் இருந்து பொடிப்பொடியாகச் சிதறி விழுகிறது.

வெங்கனுக்குப் போக ரெயில்தான் வழி. மேட்டுப்பாளையத்தில் இருந்து ஊட்டிக்குப் போகும் ரெயிலைப்போல, பல்சக்கரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும் மலை ரெயில் அது. 1893-ம் ஆண்டில் இருந்து ஓடுகிறது. மியூரனுக்கு ரோப் காரில் ஏறிப் போக வேண்டும்.

உலகத்தின் பல நாடுகளில் இருந்தும் குடும்பம் குடும்பமாக இந்த மலைக்கு வருகிறார்கள். இந்தியாவில் இருந்தும் ஆயிரக்கணக்கில் போகிறார்கள். பள்ளத்தாக்கின் வாசலில் இருக்கும் இன்டர்லாகன் நகரில், இந்திப்பட டைரக்டர் யாஷ் சோப்ராவுக்கு 2016-ல் சிலையே வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அப்படிப் போகிற குடும்பங்கள் பகலில் மலையைப் பார்த்து மயங்குகின்றன. இரவில் சாப்பாட்டுக்குத் திண்டாடுகின்றன. விவரம் தெரிந்தால் திண்டாட்டம் இல்லை.

கடிகாரம்தான் எஜமான்

"பந்திக்கு முந்து" என்பது தமிழ்நாட்டுப் பழமொழி. ஆல்ப்ஸ் மலைக்கு அது நன்றாகவே பொருந்தும்.

அந்த ஊர்களில் சமையலறைக்கு நேரம் உண்டு. பகலில் 12 மணி முதல் 2 மணி வரை அடுப்பு எரியும். பிறகு மாலை 6 மணிக்கு மறுபடி பற்றவைப்பார்கள். இரவு 9 மணி சுமாருக்கு அணைத்துவிடுவார்கள். சில இடங்களில் எட்டரை மணிக்கே "சமையல் முடிந்தது" என்பார்கள். கதவு திறந்திருக்கும், விளக்கு எரியும், உள்ளே ஆட்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் அடுப்பு அணைந்திருக்கும். பணத்தைக் காட்டினாலும் பயன் இல்லை.

சென்னையிலோ மதுரையிலோ இரவு 10 மணிக்குச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு இது பெரிய சங்கடம். மலையைச் சுற்றிவிட்டு, அறைக்குப் போய்க் குளித்து, உடை மாற்றி, ஒன்பதரை மணிக்குக் கீழே இறங்கினால் குழந்தைகள் பட்டினிதான்.

ஆகையால் இரவுச் சாப்பாட்டுக்கு உரிய நேரம் மாலை ஆறரை மணி. இதை முதல் பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பாடம்: மேஜைக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது. சின்ன ஊர், சாப்பாட்டு விடுதிகள் சில, மேஜைகளும் சில. பகலில் அந்த வழியாகப் போகும்போதே, "இரவு ஆறரைக்கு நாலு பேர்" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். ஜனவரி மாதத்தில் வெங்கன் ஊரில் லாபர்ஹார்ன் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும். 1930-ல் தொடங்கிய பந்தயம் அது. அந்த நாட்களில் சொல்லி வைக்காமல் போகிறவர்களுக்கு நிற்கக்கூட இடம் கிடைக்காது.

மூன்றாவது பாடம்: விடுமுறைப் பலகை. கதவில் "ரூஎடாக்" என்று எழுதித் தொங்கவிட்டிருந்தால், "இன்று வார விடுமுறை" என்று பொருள். ஒவ்வொரு விடுதிக்கும் ஒவ்வொரு நாள். வசந்தத்தில் பனி உருகும் வாரங்களிலும், நவம்பர் மாதத்திலும் பல விடுதிகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். அந்தச் சமயத்தில் போகிறவர்கள், எது திறந்திருக்கிறது என்று தங்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

சிகரத்து விருந்து பகலோடு சரி

மியூரன் ஊருக்கு மேலே ஷில்ட்ஹார்ன் என்ற சிகரம் இருக்கிறது. உயரம் 2,970 மீட்டர். அதன் உச்சியில் "பிட்ஸ் குளோரியா" என்ற உணவு விடுதி உண்டு. அது மெல்ல மெல்லச் சுழலும்! இருந்த இடத்தில் இருந்துகொண்டே நாலா திசைச் சிகரங்களையும் பார்த்துக்கொண்டு சாப்பிடலாம். 1969-ல் வெளிவந்த ஜேம்ஸ் பாண்டு படத்தின் காட்சிகள் அங்கேதான் எடுக்கப்பட்டன.

"அங்கேயே இரவுச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளலாமே!" என்று தோன்றும். சாதாரண நாளில் அது நடக்காது. கீழே இறங்கும் கடைசி ரோப் கார் மாலையிலேயே போய்விடும். அதைத் தவறவிட்டால் கும்மிருட்டில் மலையில் மாட்டிக்கொள்ள நேரிடும். சிகரத்து விடுதிகள் எல்லாம் பொதுவாகப் பகல் சாப்பாட்டுக்கே உரியவை. சில நாட்களில் மட்டும் இரவு விருந்து வைத்து, அதற்கென்று தனியாக ரோப் கார் விடும் இடங்களும் உண்டு. அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும்.

மேலே ஏறும்போதே, "கடைசி வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்பவர் புத்திசாலி.

எங்கே சாப்பிடலாம்?

ஆல்ப்ஸ் கிராமத்தில் இரவுச் சாப்பாட்டுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, தங்கும் ஓட்டல். காலைச் சாப்பாட்டையும் இரவுச் சாப்பாட்டையும் அறை வாடகையோடு சேர்த்துப் பேசிக்கொள்ளும் ஏற்பாடு அங்கே பழக்கத்தில் இருக்கிறது. "ஹால்ப்பென்சியோன்" என்று இதற்குப் பெயர். தங்கும் நாள் முழுவதும் குடும்பத்துக்கு ஒரே மேஜை. சூப்பு, காய்கறிக் கலவை, பெரிய சாப்பாடு, கடைசியில் இனிப்பு என்று வரிசையாக வரும். குழந்தைகளோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இதுதான் நிம்மதி. மழையில் நனைய வேண்டாம்; இடம் தேட வேண்டாம். ஆனால் அன்றன்று என்ன சமைக்கிறார்களோ அதுதான். சைவம் என்றால் அறைக்குப் பணம் கட்டும்போதே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது வழி, கிராமத்துச் சாப்பாட்டு விடுதி. உள்ளே சுவரும் கூரையும் மரப்பலகை. குளிர் காலத்தில் அடுப்பின் கதகதப்பு. ஊர்க்காரர்களும் அங்கே வருவார்கள். ஒரு மூலையில் பெரிய மேஜை ஒன்று இருக்கும். அது ஊர்ப் பெரியவர்கள் தினமும் வந்து உட்கார்ந்து பேசும் மேஜை. "ஷ்டாம்டிஷ்" என்பார்கள். நம் ஊர் டீக்கடை பெஞ்சு மாதிரி! காலியாக இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் அதில் போய் உட்காரக்கூடாது.

மூன்றாவது வழி, மலைக் குடில். மலை ஏறுகிறவர்கள் இரவு தங்குவதற்காகக் கட்டப்பட்டவை இவை. சுவிஸ் ஆல்ப்ஸ் சங்கம் 1863-ல் தொடங்கப்பட்டது. அந்தச் சங்கத்துக்குச் சுமார் 150 குடில்கள் இருக்கின்றன. அங்கே எல்லோருக்கும் ஒரே நேரத்தில், ஒரே சாப்பாடு. நீண்ட மேஜையில், முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாமான்கள் பெரும்பாலும் ஹெலிகாப்டரில் வந்து இறங்குகின்றன. ஆகவே சைவச் சாப்பாடு தேவை என்றால் இடம் பதிவு செய்யும்போதே தெரிவித்துவிட வேண்டும்.

லாட்டர்புருன்னன் பள்ளத்தாக்கின் கோடியில் ஓபர்ஸ்டைன்பெர்க் என்ற மலை விடுதி இருக்கிறது. அங்கே நடந்துதான் போக வேண்டும். மின்சார விளக்கு கிடையாது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் சாப்பாடு!

நான்காவது வழி, தாமே வாங்கிச் சாப்பிடுவது. வெங்கன், மியூரன், லாட்டர்புருன்னன் மூன்று ஊரிலும் கூட்டுறவுக் கடை இருக்கிறது. ரொட்டி, பாலாடைக்கட்டி, தயிர், பழம், தக்காளி எல்லாம் கிடைக்கும். சமையல் அறையோடு கூடிய வாடகை வீட்டில் தங்கினால் சோறே வடித்துக்கொள்ளலாம். ஆனால் கடையும் மாலையில் மூடிவிடும். ஆறு மணிக்குள் வாங்கிக்கொள்வது உத்தமம்.

விலை எவ்வளவு?

சுவிட்சர்லாந்தின் நாணயம் பிராங்க். ஒரு பிராங்க் 100 ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சாதாரண கிராமத்து விடுதியில் ஒரு தட்டு உருளைக்கிழங்குப் பண்டம் 20 முதல் 28 பிராங்க் வரை. பாலாடைக்கட்டிச் சாப்பாடு ஆளுக்கு 25 முதல் 35 பிராங்க் வரை. இறைச்சிச் சாப்பாடு 35 பிராங்கில் தொடங்கி மேலே போகும். குழந்தைகளுக்குச் சிறிய தட்டு 12 முதல் 18 பிராங்க். கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் சாப்பிட்டு எழுந்தால் சுமார் 100 பிராங்க். அதாவது பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்!

தலை சுற்றுகிறதா? ஒரு நாள் வெளியில் சாப்பிட்டு, மறுநாள் கடையில் வாங்கிச் சாப்பிட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குச் செலவு குறையும். ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் எல்லாம் சேர்ந்து நாலு பேருக்குச் சுமார் 30 பிராங்கில் முடித்துவிடலாம்.

சிக்கனத்துக்கு இன்னும் சில வழிகள் உண்டு. பரிமாறுகிறவருக்கு உரிய கூலி, 1974-ல் இருந்து விலையிலேயே சேர்ந்துவிட்டது. தனியாக இனாம் கொடுத்தே தீர வேண்டும் என்பது இல்லை. திருப்தியாக இருந்தால் சில்லறையை விட்டுவிட்டு வரலாம். தெருவில் இருக்கும் ஊற்றுக் குழாய்களில் தண்ணீர் குடிக்கலாம். "குடிநீர் அல்ல" என்ற பலகை இருந்தால் மட்டும் தொடக்கூடாது. உணவு விடுதியில் தண்ணீருக்கும் காசு வாங்குவது உண்டு.

சின்னக் குழந்தை இருந்தால் "ரோய்பர்டெல்லர்" கேட்கலாம். "கொள்ளைக்காரத் தட்டு" என்று அதற்குப் பொருள். அது வெறும் காலித் தட்டு! அப்பா தட்டில் கொஞ்சம், அம்மா தட்டில் கொஞ்சம் என்று கொள்ளை அடித்துக் குழந்தை சாப்பிட வேண்டியதுதான். பல விடுதிகளில் அதற்குக் காசு கிடையாது.

ஏழையின் சாப்பாடு

அங்கே என்ன சாப்பிடுவது? இதற்குப் பதில் சொல்வதற்குமுன் அந்த ஊரின் பழைய கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சுவிட்சர்லாந்து இன்று பணக்கார நாடு. முன்பு அப்படி இல்லை. மலைக் கிராமங்களில் வறுமை குடியிருந்தது. 1816-ம் ஆண்டில் கோடைகாலமே வரவில்லை. முந்தைய ஆண்டு இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்து, அதன் தூசி வானத்தை மூடியதுதான் காரணம். பயிர்கள் அழிந்தன. நாட்டின் கிழக்குப் பகுதியில் பஞ்சம் தலைவிரித்து ஆடியது. பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்கும் பிரேசிலுக்கும் கப்பல் ஏறியவர்கள் ஏராளம்.

அந்த மலையில் நெல் விளையாது. கோதுமையும் சரியாக விளையாது. விளைவது புல் ஒன்றுதான். மனிதன் புல்லைத் தின்ன முடியாது, பசு தின்னும். ஆகவே பசுதான் அந்த ஊருக்குச் சோறு போட்டது.

கோடை தொடங்கியதும் ஜூன் மாதத்தில் பசுக்களை மலை மேலே ஓட்டிப் போவார்கள். செப்டம்பரில் திரும்ப ஓட்டி வருவார்கள். சுமார் 100 நாட்கள். இடையர்கள் அங்கேயே குடிசையில் தங்கி, விடியற்காலையில் பால் கறந்து, பெரிய செம்புக் கொப்பரையில் காய்ச்சிப் பாலாடைக்கட்டி செய்வார்கள். ஒரு கிலோ கெட்டிப் பாலாடைக்கட்டிக்கு ஏறக்குறைய 10 லிட்டர் பால் வேண்டும். பால் ஒரு நாளில் கெட்டுப்போகும். கட்டி வருடக்கணக்கில் இருக்கும். பனிக்காலம் முழுவதும் அதுதான் அவர்களுக்குக் களஞ்சியம்.

இந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. 2023 டிசம்பரில் யுனெஸ்கோ சபை, மனித குலம் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் இதையும் சேர்த்தது.

வெளிநாட்டார் வந்த பிறகுதான் ஊரின் நிலை மாறியது. 1863-ல் தாமஸ் குக் என்ற ஆங்கிலேயர் ஒரு கூட்டத்தைச் சுவிட்சர்லாந்துக்குச் சுற்றுலா அழைத்து வந்தார். ரெயில் வந்தது, ஓட்டல்கள் எழுந்தன. வந்த சீமான்களுக்குப் பிரெஞ்சு முறையில் விருந்து நடந்தது. ஊர்க்காரன் வீட்டில் ரொட்டி, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி.

இன்று வேடிக்கை என்ன தெரியுமா? அந்த ஏழையின் சாப்பாட்டைத் தேடித்தான் உலகமே போகிறது!

என்ன சாப்பிடலாம்?

ரோஷ்டி: பெர்ன் மாநிலத்துக் குடியானவர்களின் பழைய காலைச் சாப்பாடு இது. உருளைக்கிழங்கைத் துருவி, இரும்புச் சட்டியில் அடைபோலத் தட்டி, இருபுறமும் பொன்னிறமாக வறுத்து எடுப்பார்கள். மேலே முட்டையோ பாலாடைக்கட்டியோ வைத்துக் கொடுப்பார்கள். அடையும் உருளைக்கிழங்கும் தின்று வளர்ந்த தமிழ்க் குழந்தைகளுக்கு உடனே பிடித்துப்போகும்.

எல்ப்ளர்மக்ரோனன்: "மலை இடையன் மக்ரோனி" என்று அர்த்தம். உலர்ந்த மக்ரோனியை மேலே சுமந்து போவது எளிது, கெட்டும் போகாது. அதோடு உருளைக்கிழங்கு, பாலேடு, பாலாடைக்கட்டி சேர்த்து, மேலே வறுத்த வெங்காயம் தூவுவார்கள். தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ்! காரம் இல்லை, வயிறு நிறையும்.

ராக்லெட்: இது பக்கத்து வாலே மாநிலத்தில் இருந்து வந்தது. பாதி வட்டப் பாலாடைக்கட்டியை நெருப்புக்கு நேரே பிடிப்பார்கள். முகம் உருகியதும் கத்தியால் வழித்து, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் விடுவார்கள். கூடவே ஊறுகாய் போட்ட வெள்ளரிப்பிஞ்சும் சிறு வெங்காயமும் வரும்.

ஃபோண்டு: எல்லாவற்றிலும் பேர்போனது இதுதான். மண்சட்டியின் உட்புறம் பூண்டைத் தேய்த்து, வெள்ளைத் திராட்சை மதுவைச் சூடாக்கி, துருவிய பாலாடைக்கட்டியைப் போட்டுக் கிண்டி உருக்குவார்கள். சட்டியை மேஜை நடுவில் சின்ன அடுப்பின்மேல் வைப்பார்கள். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து, நீண்ட முள்கரண்டியில் ரொட்டித் துண்டைக் குத்தி, தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட வேண்டும். ரொட்டியைச் சட்டியில் தவறவிட்டவருக்கு அபராதம்! பாட்டுப் பாட வேண்டும். அல்லது மற்றவர்கள் சொன்னதைச் செய்ய வேண்டும்.

கடைசியில் சட்டியின் அடியில் முறுகலாக ஒரு பொருக்கு ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். பால் காய்ச்சிய சட்டியின் அடியைச் சுரண்டித் தின்னப் போட்டி போடும் குழந்தைகளுக்கு அதன் ருசி தெரியும்.

மதுவில் பாலாடைக்கட்டியைச் சமைக்கும் முறை, 1699-ல் சூரிச் நகரத்துச் சமையல் குறிப்பு ஒன்றிலேயே இருக்கிறது. ஆனால் அது நாடு முழுவதற்கும் உரிய பண்டமாக ஆனது சமீப காலத்தில்தான். 1914-ல் தொடங்கப்பட்ட பாலாடைக்கட்டிச் சங்கம், 1930-களில் இதை நாடெங்கும் விளம்பரம் செய்தது. சங்கம் 1999-ல் கலைந்தது. ஃபோண்டு நிலைத்துவிட்டது!

ஃபோண்டு சாப்பிடும்போது மது குடிப்பதா, தேநீர் குடிப்பதா என்பது அங்கே தீராத வழக்கு. சூரிச் டாக்டர்கள் 20 பேரை வைத்துச் சோதனை செய்து, 2010-ல் முடிவை வெளியிட்டார்கள். மது குடித்தவர்களுக்கு உணவு இரைப்பையை விட்டு இறங்கத் தாமதம் ஆயிற்று. தேநீர்க் கட்சிதான் ஜெயித்தது! குடும்பத்தோடு போகிறவர்கள் தைரியமாகக் கட்டன் சாயா கேட்கலாம்.

சைவர்கள் கவனிக்க!

பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கும் இருப்பதால் சைவர்களுக்குக் கவலை இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. சில விஷயங்களில் எச்சரிக்கை வேண்டும்.

ரோஷ்டியிலும் மக்ரோனியிலும் பன்றிக் கொழுப்புத் துண்டுகளைப் போடுவது உண்டு. "ஷ்பெக்" என்று எழுதியிருந்தால் அதுதான். பார்லி சூப்பிலும் இறைச்சித் துணுக்குகள் கிடக்கும். "ரிண்ட்" என்றால் மாட்டிறைச்சி. "கால்ப்" என்றால் கன்றின் இறைச்சி. "ஷ்வைன்" என்றால் பன்றி. தட்டில் சிவப்பு இதழ்போல மெல்லியதாகச் சீவி வைக்கும் உலர்ந்த இறைச்சி பெரும்பாலும் மாட்டிறைச்சியே. "ஒனெ ஃப்ளைஷ்" என்று சொன்னால் "இறைச்சி இல்லாமல்" என்று பொருள். இந்த இரண்டு சொல்லையும் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

மது கலக்காத ஃபோண்டு வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கொதிக்கும்போது மது எல்லாம் ஆவியாகிவிடும் என்பது சரி அல்ல. கொஞ்சம் தங்கத்தான் செய்யும். ஆப்பிள் சாறு ஊற்றிச் செய்து தரும் இடங்கள் உண்டு.

நம் வீடுகளில் மோர் ஊற்றிப் பாலை உறைய வைக்கிறார்கள். அங்கே கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கும் "ரென்னெட்" என்ற உறைபொருளைச் சேர்த்துத்தான் பழைய முறைப் பாலாடைக்கட்டியைச் செய்கிறார்கள். கடுமையான சைவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

அடுப்படியில் தமிழ்க் குரல்

ஒரு சந்தோஷமான செய்தி. சுவிட்சர்லாந்தில் ஈழத்தமிழர்கள் சுமார் 50,000 பேர் வாழ்கிறார்கள். 1983-ல் இலங்கையில் நடந்த படுகொலைக்குப் பிறகு, உயிர் தப்பிப் போய்ச் சேர்ந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் இவர்களில் பெரும்பாலோர். போன புதிதில் மொழி தெரியாது. ஓட்டல்களில் பாத்திரம் கழுவும் வேலையில் பலர் சேர்ந்தார்கள். பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். கழுவியவர்கள் சமையல்காரர்கள் ஆனார்கள்.

ஆகவே மலை விடுதியில் ரோஷ்டியைப் புரட்டிப்போடுகிறவர் யாழ்ப்பாணத்துக்காரராக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். "அண்ணே, இதிலே இறைச்சி கலந்திருக்கா?" என்று தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளும் பாக்கியமும் கிடைக்கலாம்!

எது நல்ல இடம்?

பெரிய ஓட்டலில் சாப்பிட்டால் பெருமை; சின்ன விடுதியில் சாப்பிட்டால் சிறுமை என்பது அங்கே எடுபடாது. நல்ல இடத்தைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. "இந்தப் பாலாடைக்கட்டி எந்த மலையில் செய்தது?" என்று கேட்க வேண்டும். பரிமாறுகிறவர் சன்னல் வழியாகக் கையை நீட்டி, "அதோ, அந்த மலையில்" என்று காட்டினால், அங்கே தாராளமாக உட்காரலாம்.

ருசி மட்டும் இதற்குக் காரணம் அல்ல. பயணிகள் படம் பிடிக்கிறார்களே, அந்தப் பச்சைப் புல்வெளி, அது தானாக முளைத்து அப்படியே நிற்பது அல்ல. பசு மேய்ந்து, குடியானவன் செங்குத்தான சரிவில் நின்று புல் அறுத்து, தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தது. மாட்டைக் கைவிட்டுக் குடியானவன் பட்டணத்துக்குப் போய்விட்டால், சில ஆண்டுகளில் புதர் மண்டும். பிறகு காடு மூடும். ஆல்ப்ஸ் மலையில் கைவிடப்பட்ட பல மேய்ச்சல் நிலங்கள் அப்படிக் காடாகிவிட்டன. அரசாங்கம் மலைக் குடியானவர்களுக்கு மானியம் கொடுக்கிறது. ஆனாலும் விளைந்த பொருளை வாங்க ஆள் வேண்டும் அல்லவா?

ஊர்ப் பாலாடைக்கட்டியை ஒரு குடும்பம் வாங்கிச் சாப்பிட்டால் ஒரு பசுவுக்குத் தீனி; ஒரு புல்வெளிக்கு ஆயுள்.

கையில் பணம் குறைவாக இருக்கிறவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. மியூரனுக்குக் கீழே கிம்மெல்வால்ட் என்று ஒரு குக்கிராமம். அங்கே ஆள் இல்லாத கடை ஒன்று இருக்கிறது. கதவு திறந்திருக்கும். வேண்டியதை எடுத்துக்கொண்டு, விலையைப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். பள்ளத்தாக்கில் சில பண்ணை வீடுகளின் வாசலிலும் இப்படியே பாலாடைக்கட்டியை வைத்திருக்கிறார்கள். காவல் கிடையாது. வருகிறவர் நாணயமாக நடப்பார் என்ற நம்பிக்கைதான் காவல்!

ஒரு துண்டு பாலாடைக்கட்டி, ஒரு ரொட்டி, நாலு ஆப்பிள். வாங்கிக்கொண்டு, அருவி தெரியும் பெஞ்சில் குடும்பத்தோடு உட்கார்ந்தால் அதுவும் விருந்துதான். கோடையில் இரவு 9 மணி வரை வெளிச்சம் இருக்கும். தூரத்தில் பசுக்களின் கழுத்து மணி கேட்கும்.

சாப்பிடத் தொடங்குமுன் பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்து "என் குவெட்டே" என்று சொல்வது அந்த ஊர் மரியாதை. "நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று அதற்குப் பொருள். அதைச் சொல்கிற வெளியூர்க்காரரை ஊர்க்காரர்கள் விருந்தாளியாகவே நினைத்துவிடுவார்கள். ஆறரை மணிக்கே வந்து சொன்னால், இன்னும் விசேஷம்!